திருகில் சிக்கிய மோர்மிளகாய்

ஜனவரி 20, செவ்வாய்

பின்னேரம் வீட்டைச் சூடாக்கும் பெலற் அடுப்பு அணைந்துவிட்டது. தொட்டி நிறைய, மரத்தூளை அழுத்திச் செய்த பெலற் துண்டுகள் இருந்தும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. பிளக்கைக் கழற்றி, தொட்டியை வெறுமையாக்கிப் பார்த்தேன். அடியில் பெலற்றைத் தள்ளும் திருகில் ஒரு மோர்மிளகாய் சிக்கியிருந்தது.

தொட்டி மூடியின் சூட்டில் மனைவி ஒரு தட்டில் ஏதோ காயவைக்கிறாள் என்று தெரியும். என்னவென்று நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் மோர்மிளகாய் சாப்பிடுகிறவள் மகள் மட்டும்தான். அவள் என்னோடு கோபித்துக்கொண்டு ரெக்ஸ்டேலில் தனியாக இருக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளோடு கதைப்பதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

"என்னப்பா பிழை?" குசினியிலிருந்து மனைவி கேட்டாள்.

"தூள் அடைச்சிருந்தது. எடுத்திட்டன்."

அடுப்பு திரும்ப எரிகிறது. தட்டில் இருந்த மற்ற மிளகாய்களைப் புரட்டிவிட்டு, ஓரத்தில் இருந்த அந்தத் தட்டை மூடியின் நடுவில் வைத்தேன். இன்னும் நன்றாகக் காயவேண்டும்.