உங்கள் ஆபீஸ் அறைக்கு நான் அடித்த சிவப்பு

அன்பிலும் பிடிவாதத்திலும் எனக்குச் சரிசமமாக நின்ற என் மாமாவுக்கு,

நாற்பத்தொன்பது வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவள் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் திதி கொடுத்தோம். பிரபு முறையாகச் செய்தான். சாப்பாட்டில் ரசம்தான் நீர்த்துப்போயிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் இலையில் உட்கார்ந்தபடியே சொல்லியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். திதிக்கு வந்த சொந்தங்கள் பாதிக் கதையை எடுத்துக்கொண்டு மதுக்கரை வரைக்கும் போய்விட்டார்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

செய்தி இதுதான். உங்கள் ஆபீஸ் அறையை நான் எடுத்துக்கொண்டேன். அதற்குச் சிவப்பு அடித்தேன்.

கோபப்படாமல் முழுதும் கேளுங்கள். வீட்டின் முன்பக்கத்தில், வேப்பமரம் பார்த்த ஜன்னலோடு இருக்கும் அந்த அறையில் நீங்கள் உட்கார்ந்து நம் பட்டறையின் பம்ப்செட் வாங்க வந்தவர்களோடு பேசுவீர்கள். வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குப் போகவேண்டிய ஆங்கிலக் கடிதங்களை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். மூன்று வேளையும் அதைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுத் தட்டுப் போட வேண்டும். குன்னூர் கான்வென்டில் சிஸ்டர் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ், சாம்பார் வாசனையோடுதான் வெளிநாடு போனது.

கடிதம் முடிந்ததும் கையொப்பத்துக்குக் கொண்டு வருவேன். கதவைத் தட்டிவிட்டு நிற்பேன். "பார்ட்டி இருக்காங்க அம்மணி, செத்த நேரம் கழிச்சு வா" என்பீர்கள். தட்டச்சு செய்தவரின் முதலெழுத்தைக் கடிதத்தின் இடது ஓரத்தில் போடுவது அலுவலக முறை. அதைக்கூட நீங்கள் போட விடவில்லை. ஊட்டுப் பொம்பளை அடிச்சதுன்னு தெரிஞ்சா நல்லாயிருக்காது என்றீர்கள். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

நீங்கள் போன மூன்றாம் மாதம் சிங்காநல்லூர் பட்டறைக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதித்தர முடியுமா என்று கேட்டார்கள். "எனக்கு எப்படிங்க தெரியும், அதெல்லாம் அவரு எழுதினது" என்று நான் பழக்கதோஷத்தில் சொன்னேன். மூவரில் பெரியவர் சிரித்துவிட்டார். "ஏனுங்கம்மா, ஐயாவோட பேசியிருக்கோம், அவரு லெட்டரையும் படிச்சிருக்கோம். ரெண்டும் ஒரே ஆளு இல்லைங்கறது ஊருக்கே தெரியுமுங்க."

ஊருக்கே தெரிந்திருக்கிறது, மாமா. நாம் இரண்டு பேர்தான் மறைத்துக்கொண்டிருந்தோம்.

வேலை வந்துவிட்டது, உட்கார இடம் வேண்டும். அதற்குள் பிரபுவும் உங்கள் அக்காவும் உங்கள் அறைக்கு ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். சுவருக்குச் சந்தன நிறம், நடுவில் உங்கள் பெரிய படம், முன்னால் ஒரு விளக்கு. திதிக்குள் முடிக்க வேண்டுமாம். அந்த அறை எனக்கு வேண்டும் என்றேன்.

"எதுக்குங்கம்மா இந்த வயசுல ஆபீசு? டைனிங் டேபிள்லயே செஞ்சுட்டுத்தானே இருந்தீங்க?" என்றான் பிரபு.

"அதனாலதான்" என்றேன்.

உங்கள் மகன் நல்லவன். வாதம் செய்யாமல் பெயிண்ட் கடைக்குக் காரில் கூட்டிப்போனான். போகும் வழியெல்லாம், லைட் கலரா எடுங்கம்மா, லைட் கலரா எடுங்கம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இப்போதெல்லாம் நிறத்துக்குப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாதாம். மனநிலை சொல்லிக் கேட்க வேண்டுமாம். கடையில் இருந்த பெண் ஒரு தடித்த புத்தகத்தை விரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு: அமைதி, உற்சாகம், கவனம், பாசம்.

"ரூமு யாருக்குங்க? சாருக்குங்களா?" என்று பிரபுவைப் பார்த்தாள்.

"எனக்கு. ஆபீஸ் ரூம்."

அவள் ஒரு நொடி கூடத் தயங்காமல் அமைதிப் பக்கத்தைத் திருப்பினாள். "உங்க வயசுக்கு இதெல்லாம் நல்லாயிருக்குமுங்கம்மா. பார்த்தாலே மனசு சாந்தமாயிரும்."

"சாந்தமா இருக்கறதுக்கு நான் ஆபீஸ் போடலை கண்ணு. வேலை செய்யப்போறேன்" என்றேன். பிரபு வெளியே போய் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

புத்தகத்தை நம்பி நிறம் எடுக்க நான் தயாராயில்லை. நான்கு சிறு டப்பா வாங்கி வந்து ஜன்னலை ஒட்டிய சுவரில் நான்கு கட்டம் அடிக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, நான்கு நாளும் ஒரே கடிதத்தைப் புதிதாக எழுதுவது. எந்த நிறம் என்ன மனநிலை தருகிறது என்று கடிதமே சொல்லிவிடும் அல்லவா?

கடிதம் இது. ஒரு வெளிநாட்டுக்காரர் தண்ணீரே இல்லாமல் மோட்டாரை ஓட்டிக் கருக்கிவிட்டு, பம்ப் சரியில்லை என்று எழுதியிருந்தார். தவறு அவருடையது. அதை மரியாதையாக, ஆனால் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

வெளிர் நீலத்தின் முன், அதுதான் அமைதி, எழுதிய கடிதத்தில் மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். மஞ்சள் என்னை உட்காரவே விடவில்லை. பால் பொங்குகிறதா என்று இரண்டு தடவை எழுந்து போனேன். பால் அடுப்பிலேயே இல்லை. பிரபு தேர்ந்தெடுத்த சாம்பல் நிறத்தின் முன் ஒரு பிழையும் இல்லாமல் நான்கு வரி எழுதினேன். பிறகு மத்தியானம் முழுக்க உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்காவின் சந்தன நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் முன் உட்கார்ந்தால் வந்தவர்களுக்குக் காபி கொடுக்கத்தான் தோன்றுகிறது.

அப்போதுதான் என் பச்சை ஞாபகம் வந்தது.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீடு கட்டிய புதிதில் அந்த அறைக்கு நான் ஆசைப்பட்டு எடுத்த பச்சை. குன்னூரில் மழை விட்டதும் தேயிலைச் சரிவில் தெரியுமே, அந்தப் பச்சை. மூன்று மாதம் இருந்தது. உங்கள் அக்கா வந்து மூக்கைச் சுளித்தார். நான் பிரபுவைப் பெறக் கிணத்துக்கடவுக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, கிரீம் கலர் அடித்துவிட்டீர்கள். அதன் பிறகு நாம் போட்ட எந்தச் சண்டையில் அந்தப் பச்சை வராமல் இருந்தது? மகனின் படிப்பில் ஆரம்பித்தாலும், கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்தாலும், கடைசியில் "என் பச்சையை அழிச்சவங்கதானே நீங்க" என்றுதான் முடிப்பேன்.

அதே பச்சையைத் திரும்ப அடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். பெயிண்டர் காதர் பாயிடம் இரும்பு பீரோவை நகர்த்தச் சொன்னேன். ஏனென்றால் நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்த பீரோவை ஒரு தடவையும் நகர்த்தியதில்லை. எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள். அதற்குப் பின்னால் என் பச்சை பத்திரமாக இருக்கும் என்று எனக்கு நிச்சயம்.

நான்கு ஆள் பிடித்து நகர்த்தினார்கள். காதர் பாய் குனிந்து பார்த்தார். "அம்மா, இங்க சுவத்துல தண்ணி எறங்குதுங்களா? பாசி புடிச்சிருக்குது பாருங்க" என்றார். நகத்தால் சுரண்டினார். "இல்லீங்க. பெயிண்ட்டுதானுங்க."

என் பச்சைதான், மாமா. மங்கியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. வெயிலே படாத இடம். அடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தேயிலையும் இல்லை, மழையும் இல்லை. பார்த்தால் பசி போய்விடும் பச்சை.

ஒப்புக்கொள்கிறேன். நான் எடுத்தது மோசமான நிறம். இத்தனை வருடம் அதைச் சொல்லிச் சொல்லி உங்களைக் குத்தியிருக்கிறேன். நீங்களும் ஒரு தடவையாவது அது அசிங்கமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாமே? என் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்தீர்களா, இல்லை அக்காவின் பேரைச் சொல்லித் தப்பித்தீர்களா?

ஆனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறம் மோசம் என்பதால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது. அந்தப் பச்சைக்குள் நானே ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால், எனக்கே குமட்டி, நானே மாற்றியிருப்பேன். என் தவறை நானே கண்டுபிடிக்க விட்டிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நான் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பீரோவின் கால்கள் துருப்பிடித்திருந்ததால் காதர் பாய் துருவுக்கு அடிக்கும் சிவப்பு பெயிண்ட், ரெட் ஆக்சைடு, அடித்தார். வேலை முடிந்ததும், எப்படியும் அடிக்கப்போகிற சுவர்தானே என்று, பிரஷ்ஷில் மிச்சம் இருந்ததைச் சுவரில் இரண்டு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தபடி நின்றேன். நம் பட்டறையில் வார்ப்பு வந்து இறங்கியதும் ஒவ்வொரு பம்புக்கும் முதலில் அடிக்கும் நிறம். உங்கள் சட்டைக் கையில் தினமும் ஒட்டிக்கொண்டு வரும் நிறம். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. எத்தனை சட்டையோடு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை, அந்த நிறத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்! ஒரு நாளும் நான் ஜெயித்ததில்லை.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அந்த வெளிநாட்டுக்காரருக்கு ஐந்தாம் தடவை கடிதம் எழுதினேன். ஒன்பது வரி. மன்னிப்பு இல்லை, வசவும் இல்லை. திருத்த ஒரு காற்புள்ளி கூட இல்லை. கடைசி வரியை முடித்தபோது சண்டைக்குத் தயாராக, ஆனால் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மனநிலைக்கு அந்தப் புத்தகத்தில் தலைப்பு இல்லை.

உங்கள் நினைவாக எடுத்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடிதம் சரியாக வந்தது, எடுத்தேன். அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. தூக்குங்கள்.

காதர் பாய் பதறிவிட்டார். "அம்மா, அது இரும்புக்கு அடிக்கற பிரைமருங்க. அடியில அடிக்கறது. அதுக்கு மேலதானுங்க கலரு அடிக்கோணும்."

"இதுதான் பாய் கலரு. இதுக்கு மேல யாரும் ஒண்ணும் அடிக்க வேண்டாம்."

அதே நிறத்தில் சுவர் பெயிண்ட் கலந்து வாங்க, ரெட் ஆக்சைடு அடித்த ஒரு பழைய தகட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பெண் புத்தகம் முழுக்கத் தேடினாள். "இது எந்த மூடுலயும் வரலீங்கம்மா" என்றாள். "அப்பப் புதுசா ஒண்ணு எழுதிக்கோ கண்ணு" என்றேன். மெஷினில் கலந்து கொடுத்துவிட்டாள்.

திதிக்கு முந்தின நாள் உங்கள் அக்கா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறை தெரியும் அல்லவா? ஒரு செருப்போடு நின்றுவிட்டார்.

"என்ன அம்மணி இது? வருசம் திரும்பலை, அதுக்குள்ள பொட்டழிச்ச ஊட்டுல குங்குமத்தை அப்பி வெச்சிருக்கறே? வாரவங்க என்ன நெனப்பாங்க?"

குங்குமம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மாமா. சத்தியமாக. அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இருந்தால் என்ன என்று தோன்றியது.

"அது ரெட் ஆக்சைடுங்க நங்கை. உங்க தம்பி சட்டையில இருக்குமே, அது. குங்குமம்னு நெனைக்கறவங்க அப்படியே நெனைச்சுக்கட்டும். நெத்தியில வெக்க வேண்டாம்னு நீங்கல்லாம் சொன்னீங்க. சுவத்தைப் பத்தி யாரும் சொல்லலைங்களே?"

"அவன் இருந்திருந்தா இப்படி அடிக்க உடுவானா?"

"உட்டிருக்க மாட்டாருங்க. அதுக்குத்தான் இப்ப அடிச்சேன்."

பிரபு தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே ஓடிவிட்டான். நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தக் காலத்துல நான் அடிச்ச பச்சை, நீங்க சொன்ன மாதிரி நல்லாவே இல்லீங்க. பீரோவை நகத்திப் பாத்துப்போட்டேன்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, ஓணான் பச்சைன்னு! என் பேச்சை யாரு கேட்டா?"

"எல்லாரும் உங்க பேச்சைத்தானுங்க கேட்டாங்க. இந்தத் தடவை தப்பாவே இருந்தாலும் என் தப்பா இருக்கட்டுமுங்க."

முப்பது வயதில் கணவரை இழந்ததிலிருந்து வெள்ளைச் சேலை தவிர வேறு கட்டாதவர், அந்தச் சிவப்புச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது சேலையின் பின்பக்கத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டார், நிறம் ஒட்டிவிட்டதோ என்று. ஒட்டவில்லை. கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் படம் ஹாலில் இருக்கிறது. நல்ல இடம், காற்று வரும். அறைக்குள் மேசை, கம்ப்யூட்டர், அந்த பீரோ, நான். பீரோவை அதன் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாயிற்று. அதற்குப் பின்னால் மட்டும் பச்சையை விட்டுவைத்திருக்கிறேன். நான் மறுபடி ரொம்ப உறுதியாகப் பேச ஆரம்பித்தால் பார்த்துக்கொள்ள உதவும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் எப்போது வந்தாலும் இந்த அறையில் உங்களுக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் கதவு சாத்தியிருக்கும். தட்டிவிட்டு நில்லுங்கள். எந்தப் பார்ட்டி உள்ளே இருந்தாலும், செத்த நேரம் கழித்து வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். எழுந்து வந்து திறப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
சரோஜினி

எழுதியதும், தட்டச்சு செய்ததும், கையொப்பமிட்டதும் ஒருவரே.