முதல் வரியில் நின்ற ஓடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், இந்த வயதில் அதுவே நலம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை, நீ என்னோடு பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கணினியில் எழுத உட்கார்ந்தால் அழித்து அழித்து எனக்குச் சாதகமாகவே திருத்திக்கொண்டிருப்பேன், அதனால்தான் காகிதம். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் உன் இணையப் பக்கத்தை அடித்து விழவைத்துவிட்டான், எதற்காகக் குறிவைக்கிறான் என்று தெரியவில்லை, வெளியே போகவே பயமாக இருக்கிறது என்று போன வாரம் அம்மாவிடம் ஃபோனில் அழுதாயாமே, அந்த ஆள் நான்தான். பயப்படாதே. உன்னை யாரும் குறிவைக்கவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. எப்படி நடந்தது என்று எழுதுவதற்குள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நின்றே வேலை, உட்காரு என்றால் உட்கார்ந்தால் ரத்தம் தானாகவா பரிசோதனை ஆகும் என்கிறாள். சமையலறைக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டுகிறது. உன் அறை பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

செய்தி வாசிப்பதற்கென்று நான் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதை முடித்து வெளியிட்டுவிட்டேன். மடை என்று பெயர் வைத்திருக்கிறேன். சித்தப்பா வந்திருந்தபோது அவனுக்கு உட்கார்ந்து விளக்கினேன். ஒவ்வொரு இணையதளமும் தான் புதிதாகப் போடுவதை ஓடை மாதிரி வெளியே விடுகிறது, நமக்கு வேண்டிய ஓடைகளின் முகவரியைக் கொடுத்துவிட்டால் மடை அவ்வப்போது போய்ப் புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து காட்டும், விளம்பரம் கிடையாது, யார் எதைப் படிக்கிறார் என்று வேவு பார்ப்பது கிடையாது, இலவசம், எழுதிய நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏண்ணே, சும்மா குடுக்கறதுக்கு எதுக்கு மூணு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டீங்க, அவசரமா ஒரு மாசத்துல செஞ்சு குடுத்திருந்தாலும் அதே சும்மாதானே" என்றான். அவனை எதற்கு உள்ளே விட்டேன் என்றாகிவிட்டது.

மூன்று வருடம் ஏன் ஆனது என்று உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒன்றை நான்தான் செய்து கொடுத்தேன், நன்றாக ஓடியது. கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டியே மேலே வந்த அந்தத் தலையாட்டி மேலாளரானதும், "இதெல்லாம் இனிமே எவன் சார் படிக்கிறான்" என்று சொல்லி அதை மூடினான், கூடவே என்னையும் மூடினான். கடைசி நாளில் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டு, மௌஸையும் வைத்துவிட்டுப் போங்க என்றான். அது என் சொந்த மௌஸ். நான் கடையில் வாங்கியது. சொன்னேன், ரசீது இருக்கா என்றான். அதனால்தான் அங்கே எழுதியதில் ஒரு வரிகூட இதில் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன், ஒரு வரி ஒத்துப்போனாலும் ரசீது கேட்டு வந்துவிடுவான். இந்த மௌஸ் கதையை மடையின் அறிமுகப் பக்கத்திலேயே விரிவாக எழுதிவைத்திருக்கிறேன், அது ஒரு முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தலையாட்டி வேறு நிறுவனத்துக்குப் போய் அங்கே தலைவனானான், நீ அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று வந்து நின்றாய். போகாதே என்றேன். "உங்க சண்டைக்கு நான் ஏம்பா லீவு போடணும்" என்றாய். இன்றைக்கு நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, அன்றைக்கு வரவில்லை. நீ கிளம்பிய காலையில் வாசலுக்குக்கூட வராமல், மடையில் வரியின் கடைசியில் எழுத்து உடைகிறது, அதைச் சரிசெய்கிறேன் என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எந்த எழுத்தும் உடையவில்லை.

நீ போனபிறகு உன் மடிக்கணினியில் மடையை ஓட்டிப் பார்த்தேன். இவ்வளவு மெதுவான இயந்திரத்தில் ஓடினால் எதிலும் ஓடும் என்று கணக்கு. அதில் நீ குறித்துவைத்திருந்த முகவரிகளில் உன் பக்கமும் இருந்தது. வேறு பெயரில்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் அப்பா தேநீர்க் கோப்பையை மூடிய புத்தகத்தின் மேல்தான் வைப்பார் என்ற இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன். பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. சோதனைக்கு ஏதாவது ஒரு ஓடை வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உன்னுடையதைப் பட்டியலில் முதல் வரியில் போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கும்படி வைத்தேன், அதுவும் சோதனைக்குத்தான். நீ மாதத்துக்கு இரண்டு தடவை எழுதுகிறாய். அதற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் தட்டுபவனை என்னவென்று சொல்வது. வேவு பார்க்காது என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டவன் செய்த வேலை இது.

மற்றவர்கள் இறக்கிக்கொள்வதற்கான மடையின் பொதியையும் அந்த மடிக்கணினியிலேயே கட்டினேன், குப்பை சேராத இயந்திரம் என்பதால். அதில் இருந்த, என் ஓடைப் பட்டியலும் ஐந்து நிமிடக் கணக்கும் அடங்கிய அமைப்புக் கோப்பை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வெளியூர் அனுப்பும் பெட்டியில் வீட்டுச் சாவியையும் போட்டுப் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது. அனுப்புவதற்கு முன் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தேன், மூன்று முறை பார்த்தேன். முதல் வரியில் உன் பக்கம் வந்து நின்றது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிட்டேன். எனக்கு அது முதல் வரியில் இருப்பதுதான் சரியாகப் பட்டது.

முதல் வாரம் பதினோரு பேர் இறக்கிக்கொண்டார்கள், அதில் இரண்டு நானே, ஒன்று சித்தப்பா, அவனும் மறுநாளே அழித்துவிட்டான். மூன்றாவது வாரம் மென்பொருள்களைப் பற்றி எழுதும் ஒருவர் நல்லதாக இரண்டு வரி எழுதப்போய் ஐந்தே நாளில் நாலாயிரத்து நூறு பேர். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நாலாயிரம் பேருக்கு வேலை செய்ய ஆள் இருக்கு, என் குழாய்க்குத்தான் ஆள் இல்லை" என்றாள். அன்றைக்கு அதுகூட உறைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நாலாயிரம் கணினிகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் உன் சின்னப் பக்கத்தின் கதவைத் தட்டியிருக்கின்றன. உன் பக்கத்துக்கு இணையத்தில் இடம் கொடுத்த நிறுவனம் இதைத் தாக்குதல் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அம்மா உன் ஃபோனை வைத்துவிட்டு வந்து, "ஏங்க, பாப்பா பக்கத்துல லட்சக்கணக்குல யாரோ வந்து மோதறாங்களாம், புள்ளை நடுங்கிப்போய்க் கிடக்குது, நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, என்னன்னு பாருங்க" என்றாள். லட்சம் என்று அவள் சொன்னதுமே நாலாயிரத்தையும் ஐந்து நிமிடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மடைக்கு வரும் புகார்களைத் திறந்தேன். அறுபத்திரண்டு புகார்கள், ஒரு வாரமாகக் கணக்கை மட்டும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேனே ஒழிய ஒன்றையும் படிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே வௌவால் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் எழுதியிருந்தார். "முதல்ல வர்ற ஓடை ரெண்டு நாளா வரலை. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம மண்டை காயுது, சீக்கிரம் சரிபண்ணுங்க சார்." அதன் கீழே எனக்கும் அதே என்று எட்டுப் பேர். ஒருவர், அந்த ஆள் திருந்துவார்னு எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார். இன்னொருவர், பாவம் அந்த மனுஷன், அப்படி வெளியே அனுப்பினா யாருக்குத்தான் கசக்காது என்கிறார். என்னைப் பாவம் என்று ஒருவர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது, பாப்பா. சொன்னவருக்கு நன்றிகூடச் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். பட்டியல் காலி, கேட்பது மணிக்கு ஒருமுறை. ஒருவருடைய பக்கத்தை அவரிடம் கேட்காமல் பட்டியலில் வைத்திருந்தேன், அது என் தவறு, அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று வெளியீட்டுக் குறிப்பில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். இடம் கொடுத்த நிறுவனத்துக்கும் விவரமாக எழுதினேன், நீ ஒப்புக்கொண்டால் திறந்துவிடுகிறோம் என்கிறார்கள், அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் பழைய பதிப்பை இறக்கியவர்களை எல்லாம் என்னால் திரும்பக் கூப்பிட முடியாது. புதியதை ஏற்றாதவர்களின் கணினி தட்டிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நீ முகவரியை மாற்றிக்கொள்வதுதான் நல்லது. உன் மடிக்கணினியிலிருந்தும் உன் ஓடையை எடுத்துவிட்டேன். எடுத்து ஆறு நாள் ஆகிறது.

நீ எழுதியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். அப்பா ஒரு அறைக்குள் உட்கார்ந்து உலகத்தின் மேல் வழக்கு நடத்துகிறார், வக்கீலும் அவரே, நீதிபதியும் அவரே, ஒவ்வொரு முறையும் வாய்தா வாங்குவதும் அவரே என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் கோபம். நாலாம் நாள் அம்மாவிடம் அதை நான் சொன்ன மாதிரி சொல்லிக் காட்டினேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், யாரைப் பற்றி என்று கேட்டாள், தலையாட்டியைப் பற்றி என்று சொல்லிவிட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை, அதை நீ எதிர்பார்க்காதே. அவன் மேல் இருந்ததை உன் மேல் இறக்கினேன், அது மட்டும் எனக்குத் தெரிகிறது. இன்னொரு இடத்தில், நான் போகும்போது அப்பா ஜன்னலில்கூட நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். நின்றேன். திரை போட்டிருந்தது. நீ வண்டியில் பச்சைப் பையை முதலில் ஏற்றினாய், பிறகு இறக்கிப் பெரிய பெட்டிக்கு இடம் செய்துவிட்டு மறுபடி ஏற்றினாய்.

இன்னும் ஒன்று பாக்கி. வௌவால் மறுநாள் அதே புகாரின் கீழே மறுபடி எழுதினார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு எழுதினதுல மேலாளர் பிடுங்கி வெச்சுக்கிட்ட ஒரு மௌஸ் வருது. உங்க அறிமுகப் பக்கத்துலயும் அதே மௌஸ் வருதே. அப்ப அந்த அப்பா நீங்கதானா?" படித்த கையோடு அறிமுகப் பக்கத்திலிருந்து மௌஸை எடுத்துவிட்டேன், மூன்று வருடமாக யார் சொல்லியும் நான் விடாத கதை அது. ஆமாம் என்று போட்டால், வேறு பெயரில் எழுதும் நீ யார் என்று நாலாயிரம் பேருக்குத் தெரிந்துவிடும். இல்லை என்று போட என் கை வரவில்லை. மற்ற அறுபத்தொரு புகார்களையும் முடித்து மூடிவிட்டேன், இது ஒன்றுதான் திறந்து கிடக்கிறது. இதற்கு என்ன பதில் போடுவது என்பதை நீதான் சொல்ல வேண்டும், அதை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. நீ சொல்லும்வரை அதை மூடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கதவை இரண்டு முறை தாழிட்டுப் பார்க்கிறாயாம், அம்மா சொன்னாள், இனி ஒரு முறை போதும். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே, என்னைப் பற்றி எழுதுவதானாலும் சரி. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசியும். மறக்காமல் பக்கத்துக்கு இடம் கொடுத்த அந்த நிறுவனத்துக்கு ஒப்புதல் எழுதிவிடு. புது முகவரி கிடைத்ததும் அம்மாவிடம் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். குழாயை நாளைக்குச் சரிசெய்கிறேன்.

உன் பதிலுக்காக ஒரு புகாரைத் திறந்துவைத்திருக்கும்,
அப்பா