கல்லுமலையில் இரண்டு கிருஷாந்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு பிந்திய இரவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மூட்டு வலி எப்படி? உங்களிடம் விட்டுவந்த என் பாப்பா பால் குடிக்கிறாளா? கொழும்பில் நான் சுகம்.

வேலையில் ஒரு சின்ன விஷயம். தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவுகளைக் கணினியில் தேடி எடுக்க வழி செய்கிறோம் அல்லவா? நம் தோட்டத்தைக் கல்லுமலை என்று தேடினால் ஒன்றுமே வராது. பதிவில் எல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர்தான். அதனால் இரண்டு பெயரும் ஒரே தோட்டம் என்று பட்டியலில் இணைத்தேன். பிறகு விளையாட்டாக என் பெயரைத் தேடினேன்.

இரண்டு கிருஷாந்தி வந்தார்கள். இருவருக்கும் அப்பா இராமையா, அம்மா நீங்கள், வீடு நம் ஏழாம் நம்பர் லயம். எங்கள் மேலதிகாரி நிப்ராஸ் சேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மிஸ், நீங்க ரெண்டு தரம் பொறந்திருக்கீங்களே. ரெண்டையும் ஒண்ணாக்கிருங்க."

அவர் போன பிறகுதான் திறந்து பார்த்தேன். ஒருத்தி எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். மூன்று மாதத்தில் காய்ச்சலில் இறந்ததாக இருக்கிறது. ஒன்றாக்கிவிட்டால் அவள் இனி எந்தத் தேடலிலும் வரமாட்டாள். எனக்குக் கை வரவில்லை. இப்போது என் பெயரைத் தட்டினால் அவள்தான் முதலில் வருகிறாள்.

பாப்பாவுக்கும் வெள்ளிக்கிழமை மூன்று மாதம். கம்பளித் தொப்பியைக் கழற்றாதீர்கள். இரவில் உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். அவளுடைய கிளினிக் அட்டையை யாரிடமாவது கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போனில் கேட்க வாய் வரவில்லை. அவள் என் அக்காவா, அம்மா? நீங்கள் சொல்லும்வரை அந்தப் பதிவுகளைத் தொடமாட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கிருஷாந்தி