என் மகளுக்குத் தாய்மாமன் சீர் வேண்டாம்

அனுப்புநர்:
ந. தாமரைச்செல்வி,
கீழத்தெரு, நெடுங்காடு,
காரைக்கால்.

பெறுநர்:
முதுநிலைக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: என் உடன்பிறந்த தம்பி குமரகுரு என் மகளிடம் பாலியல் குற்றம் இழைத்தது – புகார் ஏற்கப்படாதது – போக்சோ சட்டப்படி உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் நவநீதன் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு வயது பன்னிரண்டு. அவள் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் இங்கு எழுதவில்லை.

2. சென்ற மாதம் அவள் பெரியவளானாள். வரும் ஞாயிறன்று மஞ்சள் நீராட்டு விழா வைத்துப் பத்திரிகையும் கொடுத்துவிட்டோம். தாய்மாமன் சீருக்கு எடுத்த பட்டுப்பாவாடையை மேற்படி குமரகுரு கொண்டுவந்து காட்டியதும், அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அவன் போன பிறகே வெளியே வந்து, நடந்ததை என்னிடம் சொன்னாள். (அவர் என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்தருளவும்.)

3. பள்ளி விடுமுறைகளில் அவளை என் தந்தை தெட்சிணாமூர்த்தியின் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். தம்பி குடும்பமும் அங்கேதான். ஐந்தாம் வகுப்பு விடுமுறையிலிருந்தே அவளிடம் தகாத முறையில் நடந்து வந்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் என்னை மாமா பொண்டாட்டின்னுதானே கூப்பிடுவீங்க. முறை உள்ளவங்க அப்படித்தான் போலன்னு நெனச்சேம்மா" என்றாள். ஐயா, அவனுக்குத் திருமணமான பிறகும் எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேலியை விடவில்லை.

4. செவ்வாயன்று நானும் கணவரும் காவல் நிலையம் சென்றோம். "பொம்பளப்புள்ள விஷயம். விழா முடியட்டும், பெரியவங்கள வச்சுப் பேசிக்குங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் வீடு சேருமுன் என் தந்தை வாசலில் நின்றார். "அவன் உள்ள போயிட்டா எனக்குக் கொள்ளி வைக்க யாரு இருக்கா? உன் மவ எதுக்கெடுத்தாலும் அழுவுற புள்ளதானே" என்றார். மகள் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது அத்தனையையும் நான் நம்புகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

5. விழாவை நிறுத்திவிட்டோம். ஆனாலும் ஞாயிறன்று மேளத்தோடு சீர் வரும் என்று அவன் ஊரில் சொல்லிவருகிறான். அவன் வந்து நின்றால் ஊர் முன்னால் என் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

6. இன்று காலை அவன் மனைவி ஞானசௌந்தரி, முதல் வகுப்பு படிக்கும் தன் மகளோடு வந்தார். சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்தே கதவைத் திறந்தேன். "அண்ணி, இவ கொஞ்ச நாளா அவங்கப்பா வண்டியில ஏற மாட்டேங்குறா. நான்தான் அடிச்சு ஏத்திவிட்டேன்" என்றார். இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டேன்.

ஆகவே புகாரைப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் குமரகுருவைக் கைது செய்ய வேண்டுகிறோம். இரு பிள்ளைகளிடமும் பெண் அதிகாரி சீருடையின்றி வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும். முறை சொல்லிக் கேலி செய்வதைக் காவல்துறை நிறுத்த முடியாது என்று தெரியும். ஆனால் பள்ளிகளில் உங்கள் துறை நடத்தும் பாதுகாப்பு வகுப்புகளில், மாமா செய்தாலும் அப்பா செய்தாலும் குற்றம்தான் என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லச் செய்யுங்கள்.

தங்கள் உத்தரவு வரும்வரை நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் என் வீட்டிலேயே ஒன்றாக இருப்போம்.

இடம்: நெடுங்காடு
நாள்: 14.02.2025

இப்படிக்கு,
ந. தாமரைச்செல்வி
(குமரகுருவின் அக்காள்)

கு. ஞானசௌந்தரி
(குமரகுருவின் மனைவி)