தொட்டி நிரம்பியிருப்பது தப்பில்லை

ஐப்பசி 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கக்கூஸில் மறுபடி தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. லாரி வந்து செப்டிக் டேங்கை உறிஞ்சிவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எனக்கென்றால் பக்கத்து வீட்டு சந்திரா அக்காவிடம் கேட்டுப் போய்க்கொள்வேன். இவருக்கு? டிராக்டர் டிப்பரிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கள்ளக்குறிச்சியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. வாக்கரோடு கக்கூஸ் வரை போய்க்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை, எல்லாம் படுக்கையிலேயே பேசினில்தான். நான் எடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

மதியம் கவனித்தேன். வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே. மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய். தாகமில்லை என்கிறார். குடித்தால் போகவேண்டி வருமே என்றுதான். எனக்குப் புரியாதா.

வாங்க: கொசுவத்தி, பால், சாத்துக்குடி.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. இவருடைய தம்பி சேகர் வந்தான். மலைமேல் கரியாலூரில் ஒரு லாட்ஜில் வேலை. ஒரு பாட்டில் மலைத்தேன், பை நிறைய அழுக்குத்துணி. நேராக அண்ணன் கட்டிலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

டேங்க் விஷயம் கேட்டதும் கோபம். லாரிக்காரர் மேலாக்க உறிஞ்சிவிட்டு ஏமாற்றிவிட்டாராம், சேறு அடியில் அப்படியே கிடக்குமாம். தானே இறங்கி வாளியில் அள்ளிவிடுவதாகச் சொன்னான். கூடவே கூடாது என்றேன். லாரிக்காரரே மூடியைத் திறந்துவிட்டு எட்டித்தான் நின்றார். பக்கத்தில் பீடி பற்றவைக்க விடவில்லை. உள்ளே இருக்கிற காற்று, இறங்கின ஆளை ஏற விடாது என்றார். இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினான். அவன் தலையாட்டுவதை நம்ப முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு போனில் வீடியோ பார்த்து, பழைய காலண்டர் தாளில் படம் போட்டுப் பார்த்தேன். புரிந்த வரை:

டேங்குக்குள் இரண்டு அறை. வீட்டிலிருந்து போவது முதல் அறையில் விழும். கனமானது அடியில் சேறாகத் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடை கட்டும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் தடுப்புச்சுவர் ஓட்டை வழியாக அடுத்த அறைக்கு. அங்கிருந்து குழாயில் உறிஞ்சுகுழிக்கு. மிச்சத்தை மண் குடித்துக்கொள்ளும். அடியில் உள்ள சேற்றைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று குறைக்கும். ஆசிட் ஊற்றினால் அதுகள் செத்துப்போகும். (ஆசிட் இனி வேண்டாம்.)

ஆக, தொட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே போகும். நிரம்பியிருப்பது தப்பில்லை. வெளியே போகாததுதான் தப்பு. இத்தனை வருஷம் இது தெரியாமல் குடித்தனம்.

ஐப்பசி 11, செவ்வாய்

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கொல்லையில் டேங்க் மூடி ஒதுங்கிக் கிடந்தது. சேகர் ஈரத்துண்டால் மூக்கைக் கட்டி, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை கொய்யா மரத்தில். ஒரு கால் உள்ளே. பாலைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

அதற்குள் பின்வாசலிலிருந்து இவர் குரல். வாக்கரைப் பிடித்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

"டேய் சேகரு. கால வெளிய எடு."

"ரெண்டே நிமிசம்ணா. கயிறு கட்டிக்கினுதான எறங்கறேன்."

"நீ உள்ள சாஞ்சிட்டா யாருடா இழுப்பா? நானா? என்னப் பாரு."

சேகர் பார்த்தான்.

"கக்கூசு இல்லன்னா போவுது. தம்பி இல்லாம என்னால முடியாதுடா."

சேகர் காலை எடுத்துவிட்டான். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். "நீ தண்ணி குடிக்காம கெடக்கற. நான் இன்னாதான் பண்றதுண்ணா?"

இவரைப் பிடித்து உட்காரவைத்தேன். பிறகு சேகரைக் கூப்பிட்டு, எட்டி நின்றே டேங்குக்குள் பார்க்கச் சொன்னேன். தண்ணீர், வெளியே போகிற குழாய்க்கு மேல் நிற்கிறது. உறிஞ்சுகுழி மூடியைக் கம்பியால் நெம்பித் தள்ளினோம். அதுவும் விளிம்பு வரை.

"அப்ப லாரிக்காரர் மேல தப்பு இல்லியா அண்ணி?"

இல்லை, குழிதான் குடிக்க மாட்டேன் என்கிறது என்றேன். மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

ஐப்பசி 13, வியாழன்

வானம் மப்பு. மேஸ்திரி வந்து பார்த்தார். டேங்கிலிருந்து வெளியே போகும் வாயில் இருக்கவேண்டிய டி குழாய் (ஆங்கில T எழுத்து மாதிரி இருக்கும், ஆடையை வெளியே விடாது) எப்போதோ உடைந்து விழுந்துவிட்டதாம். அதனால் மேலே மிதக்கிற ஆடையெல்லாம் குழிக்குப் போய் மண்ணின் கண்ணை அடைத்துவிட்டது. புதுக் குழிதான் வெட்டணும்.

எங்கே? காலி இடம் சந்திரா அக்கா வேலியோரம்தான். வேலிக்கு அந்தப்பக்கம் அவர்கள் போர்வெல். மேஸ்திரி கோடு கிழித்ததும் அக்கா வந்து நின்றார். சண்டைதான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க வூட்டுக்காரருக்கு முடியலன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தத் தண்ணியத்தானம்மா எங்க புள்ளைங்க குடிக்குது."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். கோட்டை அழிக்கச் சொன்னேன். கொல்லைக் கடைசிக்குப் போகலாம், ஆனால் குழாய்க்குச் சரிவு கிடைக்க என் கனகாம்பரப் பாத்தி நடுவே பள்ளம் எடுக்கணும். எடுங்கள் என்றேன். கொஞ்சம் வலித்தது. குளிக்கிற தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் இரண்டையும் தனியாகப் பிரித்துத் தென்னைக்கு விடச் சொன்னேன். குழிக்குப் பாரம் குறையும்.

ஐப்பசி 16, ஞாயிறு

நல்ல வெயில். மூன்று நாளாக ஒரே வேலை. சேகர் லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு மேஸ்திரி ஆட்களோடு சேர்ந்து வெட்டினான். ஓட்டை வைத்த சிமெண்ட் உறை இறக்கி, சுற்றி ஜல்லி. அத்தனை பேருக்கும் சந்திரா அக்கா டீ கொடுத்தனுப்பினார். லாரி மறுபடி வந்தது. டேங்க் காலியானதும் மேஸ்திரி வெளிப்பக்கக் குழாயைக் கழற்றி, புது டி குழாயை வெளியிலிருந்தே செருகிப் பூசினார். உள்ளே ஒருவரும் இறங்கவில்லை.

தொட்டி நிரம்பும் வரை டேங்கர் தண்ணீர் விட்டார்கள். பிறகு நான் கக்கூஸில் ஒரு வாளி ஊற்றினேன். மடக்கென்று இழுத்துக்கொண்டது. "குழியில தண்ணி உழுவுது அண்ணி, உழுவுது" என்று கொல்லைக் கடைசியிலிருந்து சேகர்.

இவர் சொம்பை முழுசாகக் குடித்தார். இன்னொன்று கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஐப்பசி 17, திங்கள்

சேகர் கிளம்பினான். புளிசாதம் கட்டிக்கொடுத்தேன். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வழியில் சொல்கிறான்: லாட்ஜ் டேங்கில் இரண்டு தடவை இறங்கியிருக்கிறானாம். முதலாளி சொன்னாராம். அதனால்தான் இங்கேயும் பயமில்லாமல் கால் வைத்தானாம். தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் மறுபடி இறங்கச் சொல்லியிருக்கிறாராம்.

நான் எதுவும் சொல்லுமுன் அவனே சொன்னான்.

"எறங்க மாட்டேன்னு சொல்லிடறேன் அண்ணி. வேலைய வுட்டு அனுப்பினா அனுப்பட்டும்."

இவரிடம் சொல்லவா வேண்டாமா?

ஐப்பசி 19, புதன்

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. இங்கே சொட்டு இல்லை. இவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

நாலு மணிக்கு சேகர் போன். முதலாளி முதலில் கத்தினாராம். இவன் நகரவில்லை. கூட வேலை செய்கிற பையனும் இறங்க மாட்டேன் என்று இவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டானாம். கடைசியில் முதலாளியே டேங்க் உறிஞ்சுகிற லாரிக்குச் சொல்லிவிட்டார். லாரி மலை ஏறி வந்துகொண்டிருக்கிறதாம், இப்போது ஒரு வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கிறதாம்.