எலிக்குள் எரிந்த வெளிச்சம்

டிக்கோயா

அன்புள்ள தங்கச்சி,

போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். உன்னால் வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

என் பிள்ளை கவிஷனுக்கு வந்த அதே இரத்தப் புற்றுநோயை உங்கள் ஆய்வுகூடத்தில் ஓர் எலிக்குக் கொடுத்து, அது உயிரோடிருக்கும்போதே படம் பிடித்து அனுப்பினாயே. நோய் இருந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. மருந்து கொடுக்கக் கொடுக்க வெளிச்சம் குறைந்து, கடைசிப் படம் இருட்டாகிவிட்டது.

"இருட்டானா சொகமாயிருச்சுன்னு அர்த்தம்க்கா" என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு வெளிச்சத்தைக் கண்டாலே ஆகாது. கார்த்திகைக்கு உன் அத்தான் பிள்ளையின் பெயரைச் சொல்லி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் விளக்கு வைத்தார். அவர் உள்ளே போனதும் வாயால் ஊதி அணைத்தேன்.

"புள்ளைக்காக வச்ச வெளக்க ஏன்டி அணைச்ச?" என்று கேட்டார். எலியைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? அன்றே சொல்லியிருக்கலாம். இப்போது அவர் எதுவும் கேட்பதில்லை.

கவிஷனின் பள்ளிக்கூடப் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு எரிகிறது. அது அணைந்துவிடாமல் நான்தான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா