அத்தை முதலில் பாடிய பாட்டு

அன்புள்ள கண்ணன்குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பெரிய சேதி உன் அத்தையைப் பற்றியது. அந்தப் பாட்டை முதலில் பாடியது நான்தான் என்று அவர் ஆரம்பித்தாலே உன் சித்தப்பா கண்ணடிப்பாரே, அந்தப் பாட்டுதான். பழைய பாடகர்களுக்கு ஒரு கச்சேரி வைத்தார்கள், அழைப்பிதழில் அத்தையை, பிரபல பாடகரின் பாட்டைத் திரும்பப் பாடியவர் என்று போட்டுவிட்டார்கள். "நான் பெத்த பிள்ளைக்கு நானே சித்தியா?" என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். நடத்துபவரைக் கேட்டால், "நெட்ல அப்படித்தாங்க இருக்கு" என்கிறார். நானும் பார்த்தேன். ஒரு பாட்டை யார் முதலில் பாடினார், யார் யார் பின்னால் பாடினார்கள் என்று தொகுத்து வைத்திருக்கும் தளம் அது. அத்தையின் பாட்டு பின்னாளில் கேசட்டாக வந்த வருஷத்தைப் போட்டு அவரைக் கீழே தள்ளியிருந்தார்கள். விடுவேனா? அத்தையைக் கெஞ்சி அவருடைய இசைத்தட்டை வாங்கினேன். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் எண் கீறியிருந்தது. மருந்துக்கடையில் பேட்ச் எண் பார்த்துப் பழகிய கண் அல்லவா, சட்டென்று பட்டது. பதிவான வரிசைப்படி கம்பெனி போடும் எண் அது. அந்தப் பாடகரின் தட்டும் அதே கம்பெனிதான், தளத்தில் படம் இருந்தது, அதன் எண் பிந்தியது. தளத்துக்கு எழுதிப் போட்டேன். அதைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர் இன்னும் தெளிவான படம் கேட்டார், அப்பா டார்ச் அடிக்க நான் தட்டைச் சாய்த்துப் பிடித்து எடுத்தோம். திருத்திவிட்டார்கள்! முதல் பதிவு என்று அத்தையின் பெயர், பாடகர் அதற்குக் கீழே. அத்தை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

கச்சேரிக்கு வந்தார், முதலில் பாடியவர் என்றே அறிவித்தார்கள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் சுருதி அசையவில்லை. ஆனால் சரணத்தில் அந்தப் பாடகர் ஒரு வரியை வளைத்துத் தாமாகச் சேர்த்த சங்கதியை இவரும் பாடினார் பார், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்கி வந்ததும் கேட்டேன். "நல்லாத்தானே இருக்கு? இத்தனை வருஷமா பாடிப் பாக்கணும்னு ஆசை. இது மட்டும் அவரோடது, அதையும் அந்த நெட்ல எழுதிப் போட்டுடு" என்றார்.

எழுதிப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு மறக்காமல் போன் செய், அவர் பாடிக் காட்டினால் பாதியில் வைத்துவிடாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நல்லா இருப்பா.

என்றும் உன் நினைவாக,
அம்மா